ஆயுதத்தால் தாக்கிய வழக்கு: ராஜியா, தற்காப்பா, பிரிவைக் குறைப்பதா?

வரப்புத் தகராறு, பங்காளிச் சண்டை, வண்டி உரசியதில் கைகலப்பு. எதுவாக இருந்தாலும், சம்மன் வந்த மறுநாள் வழக்கறிஞரான என் முன்னால் வந்து உட்காருகிறவர் கேட்பது ஒன்றைத்தான்: "சார், ராஜியாப் போயிடலாமா, இல்ல கேஸை நடத்திப் பாத்துடலாமா?" கூட வந்த மாமா ராஜி என்பார். தம்பி, "நம்ம மேல தப்பே இல்ல, எதுக்கு இறங்கிப் போகணும்" என்பான். இரண்டு பேருமே குற்றப்பத்திரிகையைப் படித்திருக்க மாட்டார்கள்.

வழி இரண்டே இரண்டுதான் என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. இருப்பவை ஐந்து வழிகள். சிலவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துப் போகலாம். சிலவற்றைச் சேர்த்தால் இரண்டுமே கெட்டுவிடும். எது எதோடு சேரும் என்பது தெரியாமல் எடுக்கிற முடிவால் வேலையை இழந்தவர்களையும், பாஸ்போர்ட் கிடைக்காமல் நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

## முதலில், உங்கள் மீது என்ன எழுதியிருக்கிறது?

2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ். பொருந்தும். அதற்கு முந்தையது என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டம். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட எஃப்.ஐ.ஆர்.களில் பிரிவுகள் பெரும்பாலும் ஒரே கோவையாக வரும்: 296(b), 115(2), 118(1), 351(3). திட்டியது, அடித்தது, ஆயுதத்தால் அடித்தது, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியது. பழைய சட்டத்தின் 294(b), 323, 324, 506(2) இவைதான்.

இதில் கவனிக்க வேண்டியது 118. அபாயகரமான ஆயுதத்தால் சாதாரணக் காயம் ஏற்படுத்தினால் 118(1). தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே ஆயுதத்தால் கொடுங்காயம் என்றால் 118(2). அங்கே குறைந்தபட்சமே 1 ஆண்டு சிறை, அதிகபட்சம் 10 ஆண்டு அல்லது ஆயுள். இதன் பழைய வடிவமான 326-ல் இந்தக் குறைந்தபட்சம் கிடையாது. கொடுங்காயம் என்றதும் குடல் சரிந்த காயம் என்று நினைக்க வேண்டாம். ஒரு எலும்பில் முறிவு, ஒரு பல் முறிந்தது, 15 நாள் கடும் வலியோடு அன்றாட வேலை பார்க்க முடியாமல் போனது, எல்லாமே கொடுங்காயம்தான். பழைய சட்டத்தில் அது 20 நாள்.

இன்னொன்று: 118(1), 118(2) இரண்டையும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ராஜி செய்துகொள்ள முடியாது. பழைய 324 ஒரு காலத்தில் நீதிமன்ற அனுமதியோடு ராஜியாகக்கூடிய பிரிவாக இருந்தது. 2009-ன் கடைசி நாளில் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை எடுத்துவிட்டது. ஊரில் பெரியவர்கள், "கோர்ட்லயே பேசி முடிச்சுக்கலாம்" என்று சொல்வது அந்தப் பழைய காலத்து நினைவு.

## எதை வைத்து முடிவு செய்வது?

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள். காயம் எப்படிப்பட்டது, உடலில் எங்கே இருக்கிறது. ஆயுதம் என்று சொல்லப்படுவது என்ன, கைப்பற்றப்பட்டதா. சம்பவத்தைப் பற்றிய முதல் எழுத்து என்ன சொல்கிறது. தண்டனைப் பதிவு ஏற்பட்டால் உங்கள் வாழ்க்கையில் எது போகும். எதிர்த்தரப்போடு இனியும் ஒரே தெருவில் வாழ வேண்டியிருக்கிறதா.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சம்பவத்தைப் பற்றிய முதல் எழுத்து பல வழக்குகளில் எஃப்.ஐ.ஆர். இல்லை. அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு, நாங்கள் ஏ.ஆர். காப்பி என்று சொல்வது. இரவு அவசரப் பிரிவில் இருக்கும் மருத்துவர், காயம்பட்டவர் சொன்னதை ஒரே வரியில் எழுதியிருப்பார். ஒரு வழக்கில் அந்த வரி இப்படி இருந்தது: இரவு ஏழரை மணிக்கு வீட்டருகே தெரிந்த நபர்கள் இருவர் கையாலும் கட்டையாலும் தாக்கியதாகச் சொல்கிறார். கீழே, இடது தோளில் கன்றிய காயம், முழங்கையில் சிராய்ப்பு. மறுநாள் காலை பதிவான எஃப்.ஐ.ஆரிலோ தாக்கியவர்கள் நான்கு பேர், ஒருவர் கையில் அருவாள். ஒரு இரவுக்குள் இரண்டு பேர் நான்காகி, கட்டை அருவாளாகியிருந்தது. அருவாள் பட்ட இடத்தில் வெட்டுக்காயம் இருக்க வேண்டும். காயச் சான்றிதழில் வெட்டு என்ற சொல்லே இல்லை.

அந்த வழக்கு என்ன ஆனது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போது வழிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## வழி 1: ராஜியாகி உயர் நீதிமன்றத்தில் ரத்து செய்வது

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் முடியாததை உயர் நீதிமன்றம் தன் உள்ளார்ந்த அதிகாரத்தால் செய்யலாம். முன்பு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482, இப்போது புதிய நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ன் 528. ராஜியாக முடியாத பிரிவாக இருந்தாலும், தனிப்பட்ட தகராறாக இருந்து இரு தரப்பும் மனமொத்து வந்தால் ரத்து செய்யலாம் என்பதை 2012-ல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கொலை முயற்சி போன்ற கடுமையான வழக்குகளில் எதைப் பார்த்து அனுமதிப்பது என்பதை 2014-ல் நரிந்தர் சிங் வழக்கு விளக்கியது: காயம் உயிர்நிலையில் பட்டதா, என்ன ஆயுதம், ராஜி எந்தக் கட்டத்தில் வந்தது. 2019-ன் லட்சுமி நாராயண் தீர்ப்பு, குற்றம் சாட்டப்பட்டவரின் பழைய வரலாற்றையும் பார்க்கச் சொன்னது.

இது எப்போது நல்லது? காயம் சாதாரணம், தலையில் இல்லை, உங்கள் மேல் வேறு வழக்கு இல்லை, அடித்ததற்கான சாட்சியமும் வலுவாக இருக்கிறது என்றால் இதற்கு மேல் நல்ல வழி கிடையாது. அண்ணன் தம்பிக்குள், அடுத்த வீட்டுக்காரரோடு என்றால் நான் முதலில் சொல்வதும் இதைத்தான். வழக்கே இல்லாமல் போகும். தண்டனைப் பதிவும் இருக்காது.

மறைந்திருக்கும் செலவுகளையும் சொல்லிவிடுகிறேன். சென்னைக்கோ மதுரைக் கிளைக்கோ போக வேண்டும். வழக்கறிஞர் கட்டணம் தனி. புகார் கொடுத்தவர் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது, காயம்பட்ட அத்தனை பேரும் வர வேண்டும். மனைவிக்கும் ஒரு சிராய்ப்பு இருந்து, அவர் காம்ப்ரமைஸ் மெமோவில் இல்லாததால் மனு நின்று போனதைக் கண்டிருக்கிறேன். பேசிய நஷ்டஈட்டை முன்கூட்டியே கையில் கொடுத்துவிட்டு, பிறகு அவர் வராமல் இழுத்தடிக்க, இன்னொரு முறை பணம் கொடுத்தவர்களும் உண்டு. தொகையை வரைவோலையாக எடுத்து, பிரமாணப் பத்திரத்தில் எழுதி, அதே நாளில் கொடுங்கள்.

எஸ்.சி./எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவும் சேர்ந்திருந்தால் கணக்கே வேறு. நீதிமன்றம் அந்த ராஜி கட்டாயத்தால் வந்ததா என்று மிகக் கவனமாகப் பார்க்கும், பார்க்கவும் வேண்டும்.

இங்கே ஒரு குறுக்குவழியைச் சிலர் காதில் போடுவார்கள்: "ஐகோர்ட் எதுக்கு, சாட்சியைப் பிறழ வெச்சுடலாம்." தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பொய்ச்சாட்சி குற்றம், சொல்லவைப்பதும் குற்றம். அது போக, தமிழ்நாடு காவல் துறைத் தேர்வு விதிகளில், புகார்தாரர் பிறழ்ந்ததால் வந்த விடுதலையும், சந்தேகத்தின் பலனால் வந்த விடுதலையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டதாகவே கருதப்படும். போலீஸ் வேலைக்குப் படிக்கிற பையனுக்கு இதைவிடப் பெரிய இழப்பு இருக்க முடியாது.

## வழி 2: "இது அபாயகரமான ஆயுதம் இல்லை" என்று பிரிவைக் குறைப்பது

மக்களுக்கு அதிகம் தெரியாத வழி இது. பல வழக்குகளில் மிகவும் பயனுள்ளதும் இதுதான்.

118-ல் ஆயுதம் என்றால் சுடவோ குத்தவோ வெட்டவோ பயன்படுவது, அல்லது தாக்கும் கருவியாகப் பயன்படுத்தினால் மரணம் விளைவிக்கக்கூடியது. நெருப்பு, அமிலம், நஞ்சு, வெடிபொருள், விலங்கு என்பவையும் உண்டு. ஆகவே அருவாள், கத்தி என்றால் வாதாட அதிகம் இல்லை. கட்டை, கல், செங்கல், ஹெல்மெட், பைக் சாவி என்று வரும்போதுதான் கேள்வி. 2005-ல் மத்தாய் எதிர் கேரள அரசு வழக்கில், எது அபாயகரமான ஆயுதம் என்பதைப் பொதுவாகச் சொல்ல முடியாது, அந்தந்த வழக்கின் உண்மைகளைப் பொறுத்தது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, கல்லால் அடித்த வழக்கில், ஆயுதத்தால் கொடுங்காயம் என்ற 326-ஐ வெறும் கொடுங்காயமான 325 ஆகக் குறைத்தது. அதற்கு முன்பே ஷகீல் அகமது வழக்கில், மனிதப் பல் அந்தப் பிரிவு சொல்லும் ஆயுதம் ஆகாது என்றது.

ஆகவே கேட்க வேண்டியவை: அந்தக் கட்டை கைப்பற்றப்பட்டதா? கைப்பற்றும்போது போலீஸ் எழுதும் மகஜரில் நீளம், தடிமன் இருக்கிறதா? மருத்துவரிடம் அதைக் காட்டி, இதனால் இந்தக் காயம் ஏற்படுமா என்று கேட்டிருக்கிறார்களா? "கட்டை" என்று மட்டும் எழுதி விட்டிருந்தால் அது விறகா, விளக்குமாற்றுக் குச்சியா என்பது யாருக்கும் தெரியாது. அதே சமயம், கட்டையென்றாலே தப்பித்துவிடலாம் என்பதும் இல்லை. தலையில் ஓங்கி விழுந்த உலக்கை நிச்சயம் மரணம் விளைவிக்கக்கூடியது.

பிரிவு குறைந்தால் என்ன கிடைக்கும்? 118(1) என்பது 115(2) ஆகும். தண்டனை 1 ஆண்டு வரை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம். அதைவிட முக்கியம், 115(2) காயம்பட்டவர் தானே ராஜி செய்துகொள்ளக்கூடிய பிரிவு. அதே மாஜிஸ்திரேட் கோர்ட்டில். ராஜி பதிவானால் அதன் சட்ட விளைவு விடுதலை. 118(2) குறைந்து, ஆயுதம் சேராத கொடுங்காயமான 117(2) ஆனாலும் நீதிமன்ற அனுமதியோடு ராஜியாகலாம், அந்த 1 ஆண்டுக் குறைந்தபட்சமும் போய்விடும்.

இதை எழுப்ப முதல் வாய்ப்பு, நீதிமன்றம் குற்றச்சாட்டு வனைவதற்கு, அதாவது எந்தப் பிரிவில் வழக்கு நடக்கும் என்று எழுதி முடிவு செய்வதற்கு முன்பு. விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கேட்கும் விடுவிப்பு மனு போட, நகல்கள் கொடுக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள் என்று பி.என்.எஸ்.எஸ். 262 சொல்கிறது. அந்தக் கட்டத்தில் நீதிமன்றம் போலீஸ் தாக்கல் செய்த ஆவணங்களை மட்டுமே பார்க்கும். ஏ.ஆர். காப்பியும் காயச் சான்றிதழும் அந்த ஆவணங்களில்தான் இருக்கின்றன. எல்லா நீதிமன்றமும் அப்போதே ஏற்றுக்கொள்ளாது. "விசாரணையில் பார்க்கலாம்" என்று தள்ளுபடி ஆனால் சில மாதங்கள் போகும். அதோடு, உங்கள் வாதம் என்ன என்பது அரசு வழக்கறிஞருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். இந்த வழியின் விலை அது.

## வழி 3: தற்காப்பு

"அவன்தான் முதல்ல அடிச்சான்" என்பது தற்காப்பு ஆகாது. பி.என்.எஸ். 34 முதல் 44 வரை உள்ள பிரிவுகள் தரும் உரிமை, ஆபத்து இருக்கும் வரைக்கும்தான், தடுக்கத் தேவையான அளவுக்குத்தான். அவன் திரும்பி ஓடும்போது துரத்திப் போய் வெட்டினால் அது தற்காப்பு கிடையாது. முதுகில் இருக்கும் காயம் அதைச் சொல்லிவிடும். அதே சமயம், உயிருக்குப் பயந்தவன் எத்தனை அடி அடித்தான் என்பதைத் தங்கத் தராசில் நிறுக்கக் கூடாது என்பதும் உச்ச நீதிமன்றம் பல முறை சொன்னதுதான்.

நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது, ஆனால் போலீஸைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. இப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். கூண்டில் ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. அரசுத் தரப்புச் சாட்சிகளின் வாயிலிருந்தே குறுக்கு விசாரணையில் வரவழைக்கலாம். உச்ச நீதிமன்றத்தின் முன்ஷி ராம் தீர்ப்பு அதற்கு வழி விட்டிருக்கிறது.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? உடலில் காயம் இருந்து, அதே இரவில் அரசு மருத்துவமனைக்குப் போய், தன் பெயரில் ஓர் ஏ.ஆர். வைத்திருப்பவருக்கு. எதிராளியின் உடம்பில் காயம் இருப்பதை விளக்கும் போலீஸ் உங்கள் காயத்தை விளக்காமல் விட்டால், வழக்கின் அடிப்படையே ஆடும் என்று 1976-ல் லட்சுமி சிங் தீர்ப்பு சொல்கிறது. சிறு கீறலுக்கு இது பொருந்தாது.

மறைந்த செலவு பெரியது: தற்காப்பு என்று சொல்லும் கணமே, நீங்கள் அங்கே இருந்தீர்கள், அடித்தீர்கள் என்பதை ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அதன் பிறகு "நான் அங்கே இல்லவே இல்லை" என்று பேச முடியாது. முன்ஜாமீன் மனுவில் ஒன்று, குறுக்கு விசாரணையில் வேறொன்று, கடைசியில் நீதிபதி கேட்கும் கேள்விகளில் மூன்றாவதாக ஒன்று என்று மாறியதால் தோற்ற நல்ல தற்காப்பு வழக்குகள் உண்டு. முன்ஜாமீன் மனுவில் அவசரத்தில் எழுதும் அந்த முதல் பத்தியை நீங்களே படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள் புகாரை ஸ்டேஷனில் வாங்கவில்லை என்றால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்.

## வழி 4: முழு மறுப்பு

சம்பவ நேரத்தில் வேறு இடத்தில் இருந்தேன், அல்லது குடும்பப் பகையில் என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள் என்பது. உண்மையிலேயே இல்லாதவருக்கு இதைத் தவிர வேறு வழியை நான் சொல்ல மாட்டேன். செய்யாததற்கு ராஜி பேசுவதும் மன்னிப்புக் கேட்பதும் மனிதனை உள்ளே அரித்துவிடும்.

ஆனால் ஆதாரம் உடனே அழியக்கூடியது. சிசிடிவி பதிவு சில நாட்களிலோ வாரங்களிலோ அழிந்துவிடும். வேலை பார்க்கும் இடத்து வருகைப் பதிவு, சுங்கச்சாவடி ரசீது, இவற்றை முதல் வாரத்திலேயே எடுத்து வைக்க வேண்டும். மின்னணுப் பதிவுக்கு உரிய சான்றிதழும் வேண்டும். காயம்பட்டவரின் சாட்சியத்துக்கு நீதிமன்றம் தனி மதிப்பு தரும் என்பதையும் மறக்காதீர்கள். ஆயுதம் கைப்பற்றப்படவில்லை என்பதற்காக மட்டும் வழக்கு விழுந்துவிடாது.

செலவு, காலம். வாய்தா வாய்தாவாக ஆண்டுகள் போகும். வழக்கு நிலுவையில் இருக்கும் வரை பாஸ்போர்ட்டுக்கு நீதிமன்ற அனுமதி தேவைப்படும்.

## வழி 5: பிளீ பார்கெயினிங்

குற்றத்தை ஒப்புக்கொண்டு, குறைந்த தண்டனைக்குப் பேசி முடித்துக்கொள்வதுதான் இது. 2006 ஜூலையிலிருந்து நம் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அரிதாகவே பயன்படுகிறது. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும் என்பதால் 118(1)-க்கு உண்டு, 118(2)-க்கு இல்லை. காயம்பட்டவர் பெண்ணாகவோ குழந்தையாகவோ இருந்தால் கிடையாது. குற்றச்சாட்டு வனைந்த 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதல் முறை குற்றம் என்றால் 3 ஆண்டில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 6 மாதம் என்ற அளவுக்கு இறங்கலாம். நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் சிறைக்கே அனுப்பாமல் விடவும் செய்யலாம்.

விரைவாக முடிகிறது என்பதற்காகப் பலர் ஆசைப்படுகிறார்கள். ஆனால் இது குற்றவாளி என்ற தீர்ப்பு. அரசு வேலை, வெளிநாட்டு விசா என்று எதிர்பார்ப்பு உள்ளவர் இதன் பக்கம் போகவே கூடாது. மேல்முறையீடும் அநேகமாக இல்லை. சொந்தத் தொழில் செய்கிற, சாட்சியம் முழுக்க எதிராக இருக்கிற, எதிர்த்தரப்பு நஷ்டஈட்டுக்குச் சம்மதித்தாலும் சென்னை வரை வரத் தயாரில்லாத ஒருவருக்கு இது பொருந்தலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | யாருக்கு ஏற்றது | மறைந்த செலவு | கடைசியில் பதிவாவது |
|---|---|---|---|
| ராஜி, உயர் நீதிமன்ற ரத்து | உறவு, அக்கம்பக்கம். சாதாரணக் காயம் | பயணம், நஷ்டஈடு, எல்லாக் காயம்பட்டவரின் கையெழுத்து | வழக்கு ரத்து |
| பிரிவைக் குறைப்பது | கட்டை, கல், ஏ.ஆருக்கும் எஃப்.ஐ.ஆருக்கும் முரண் | தள்ளுபடியானால் மாதங்கள் வீண், வாதம் வெளிப்படும் | குறைந்த பிரிவு. பிறகு ராஜியானால் விடுதலை |
| தற்காப்பு | தன் உடலிலும் காயமும் ஏ.ஆரும் உள்ளவர் | அடித்ததை ஒப்புக்கொள்வது | விடுதலை அல்லது தண்டனை |
| முழு மறுப்பு | உண்மையிலேயே அங்கே இல்லாதவர் | ஆண்டுகள், பாஸ்போர்ட் | விடுதலை அல்லது தண்டனை |
| பிளீ பார்கெயினிங் | வேலை, விசா பாதிப்பு இல்லாதவர் | குற்றவாளி என்ற பதிவு | தண்டனைத் தீர்ப்பு |

எந்த வழியில் வெளியே வந்தாலும், வேலை விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்று கேட்டால் மறைக்காதீர்கள். மறைப்பதே வேலையைப் பறிக்கப் போதுமான காரணம் ஆகலாம் என்பதை 2016-ன் அவதார் சிங் தீர்ப்பு காட்டுகிறது.

## எதிர் வழக்கும் இருந்தால்

இரண்டு தரப்பும் அடித்துக்கொண்டு இரண்டு எஃப்.ஐ.ஆர். ஆகியிருந்தால், தனித்தனியாக முடிவெடுக்கக் கூடாது. இரண்டு வழக்கையும் ஒரே அதிகாரி புலனாய்வு செய்து எது உண்மை என்று பார்க்க வேண்டும் என்பதுதான் வழக்கறிஞர்கள் 588-ஏ என்று குறிப்பிடும் பழைய காவல் நிலையாணையின் சாரம். நீதிமன்றத்திலும் ஒரே நீதிபதி இரண்டையும் அடுத்தடுத்து விசாரித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று 1990-ல் நாத்தி லால் வழக்கு சொல்கிறது. ராஜி என்றால் இரண்டு வழக்கும் சேர்ந்தே முடிய வேண்டும். உங்கள் புகாரை மட்டும் நீங்கள் கைவிட்டு, அவர் வழக்கு நடந்துகொண்டிருந்தால், உங்கள் தற்காப்புக்கு இருந்த முதல் ஆதாரத்தை நீங்களே கைவிட்டவர் ஆவீர்கள்.

காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கும் உண்டு. சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

முதலில் சொன்ன அந்தக் கட்டை வழக்குக்கு வருகிறேன். வெளிநாட்டு வேலைக்குக் காத்திருந்த இளைஞன். அவன் மாமா உயர் நீதிமன்றம் போகலாம் என்றார், எதிர்த்தரப்பு கேட்ட தொகையோ அவர்களுக்குத் தாங்காது. ஏ.ஆர். காப்பியையும் காயச் சான்றிதழையும் வைத்து, குற்றச்சாட்டு வனையும் முன் வாதாடினோம். அருவாள் என்பதற்குக் காயத்தில் ஆதாரம் இல்லை, கட்டையின் அளவு எங்கும் இல்லை. நீதிமன்றம் 118(1)-ஐ விட்டுவிட்டு 115(2)-ஐ மட்டும் வனைந்தது. சேர்த்திருந்த மிரட்டல் பிரிவும் நிற்கவில்லை. அதற்குப் பிறகு எதிர்த்தரப்பு கேட்ட தொகை தானாக இறங்கியது. இரண்டு வாய்தாவில் அதே கோர்ட்டில் ராஜி பதிவானது. காயம்பட்ட பெரியவரின் கையில் ஆஸ்பத்திரிச் செலவை அந்தப் பையனே கொண்டுபோய்க் கொடுத்தான். அவர் வாங்கிக்கொண்டு, "உங்கப்பன் இருந்திருந்தா இது நடந்திருக்காதுடா" என்றார்.